சுத்தக் குரல்

கார்பின் பாடினால் தரை நடுங்கும் என்று எங்கள் ரசிகர்கள் சொல்வார்கள். பேசினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவன் பேசிக் கேட்டவர்கள் குறைவு. பதினோரு வருஷமாக ஒரே வேனில் அவனோடு ஊர் ஊராகச் சுற்றும் நானே அவன் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை. "பசிக்குது." "அடுத்த எக்ஸிட்." "மானிட்டர்ல சத்தம் வரல." இவ்வளவுதான் அவன் பேச்சு. மேடை ஏறினால் மட்டும் அடிவயிற்றிலிருந்து ஒரு மிருகத்தை அவிழ்த்துவிடுவான்.

எங்கள் குழுவின் பெயர் பிணக்கிடங்கு. டெத்கோர் என்கிற உறுமல் இசை வாசிக்கிறவர்கள் 'பூந்தோட்டம்' என்றா பெயர் வைப்பார்கள்? எங்கள் ஊரான ஃபான்டானாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடங்குதான். நானே ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பிணத்தை மட்டும்தான் நாங்கள் புதிதாகச் சேர்த்தோம். சர்ச்சில் யாராவது விசாரித்தால் என் அம்மா, "லெட்டி ஏதோ மியூசிக் குரூப்ல இருக்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

நான் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆசைப்பட்டு எடுத்ததில்லை. அது என் அண்ணன் மூந்தோவுடையது. குழுவின் முதல் பெரிய சுற்றுப்பயணத்தில், நியூ மெக்சிகோவில், லாரிகள் ஓய்வெடுக்கும் ஒரு நிறுத்தத்தில், வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே போய்விட்டான். இருபத்து நாலு வயது. இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறாம். யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கிட்டார் வாசிக்கிற ஜோவெனும் டிரம்ஸ் வாசிக்கிற வால்டோவும் காலைச் சாப்பாட்டுக்கு அங்கிருந்த ஓட்டலுக்குள் போயிருந்தார்கள். கடைசியாக அவன் பக்கத்தில் இருந்தது கார்பின். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கார்பினைத் தவிர யாருக்கும் தெரியாது.

அடக்கம் முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனிடம் கேட்டேன். "அன்னிக்குக் காலைல என்னடா நடந்துச்சு?" கையிலிருந்த பேப்பர் தட்டை மேசையில் வைத்தான், வெளியே போனான், காரை எடுத்துக்கொண்டு போயேவிட்டான். தட்டில் வைத்த தமாலே அப்படியே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஜோவென் பாஸ் வாசிக்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, நானே வருகிறேன் என்றேன். எனக்கு அப்போது விரல் எங்கே வைப்பது என்றுகூடச் சரியாகத் தெரியாது. பாவம், அண்ணனை நினைத்து வருகிறாள் என்று சேர்த்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நான் வந்தது கார்பினுக்காக. என்றைக்காவது ஒருநாள் அவன் வாயைத் திறப்பான், அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். மூந்தோவின் மற்ற எல்லாக் காலைகளும் என்னிடம் இருக்கின்றன. பல் தேய்க்காமல் காபி குடித்த காலை, என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிய காலை, எல்லாம். அந்த ஒன்று மட்டும் கார்பினிடம் இருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது. சாப்பிட்ட பிறகும் பசிக்குமே, அந்த மாதிரி வேண்டியிருந்தது.

இப்படியாக, கத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் ஓர் ஊமையின் பக்கத்தில் நின்று பதினோரு வருஷம் பாஸ் வாசித்தேன்.

எங்கள் இசையில் ஒரு வசதி உண்டு. பாட்டின் வார்த்தை யாருக்கும் புரியாது. கேட்கிறவர்களுக்கு மட்டும் இல்லை, வாசிக்கிற எங்களுக்கும் புரியாது. வரிகளைக் கார்பின்தான் கட்டுவான், எங்கேயும் எழுதிவைக்க மாட்டான், உறுமலாக அப்படியே துப்பிவிடுவான். காதில் விழுந்ததை வைத்து ஜோவென் ஒரு தலைப்புப் போடுவான். ரசிகர்கள் ஆளுக்கொரு வரியைத் தாங்களாகவே கற்பனை செய்துகொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, சத்தியமாக இதுதான் என்பதுபோல் சேர்ந்து கத்துவார்கள். யாரும் யாரையும் திருத்துவதில்லை.

எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டும் அப்படித்தான் பெயர் பெற்றது. மூந்தோ போன பிறகு செய்த முதல் பாட்டு. நடுவில் பிரேக்டவுன் வரும், அதாவது வேகமெல்லாம் திடீரென்று பாதியாக விழுந்து ஒவ்வோர் அடியும் சம்மட்டியாக இறங்கும் இடம். அதற்கு ஒரு நொடி முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் கார்பின் ஒரே ஒரு வார்த்தையை உறுமுவான்.

"எலும்பு!"

அவ்வளவுதான், கூட்டம் ஒருவர் மேல் ஒருவர் பாயும். ஜோவென் பாட்டுக்கு 'எலும்பு' என்றே தலைப்பு வைத்தான். "எலும்பு, வெயில் தின்னுருச்சு, எலும்பு" என்று வரி போகும் என்பது பொதுவான நம்பிக்கை. பாலைவனம், வெயில், எலும்பு, பிணக்கிடங்குக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது? மூன்று விலா எலும்பும் ஒரு சூரியனும் போட்டு டி-ஷர்ட்டுக்குப் படம் வரைந்தது நான்தான். நல்ல படம். ஒரு பெண் அதைத் தோளில் பச்சையே குத்திக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினாள்.

இந்த வருஷம் ஐந்தாவது ஆல்பத்துக்கு உட்கார்ந்தபோது ஜோவென் முரண்டு பிடித்தான்.

"எத்தன நாளைக்குடா செவுத்துல முட்டிக்கிட்டே இருக்கறது? எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு. நம்ம போன ஆல்பத்துல மூணாவது பாட்டு எது, ஏழாவது பாட்டு எதுன்னு எனக்கே தெரியல."

"ஏழாவதுல நான் ஒரு தப்பு பண்ணிருப்பேன், அத வச்சுக் கண்டுபிடி," என்றான் வால்டோ.

"சிரிக்காத. பியானோ வேணும். வயலின் வேணும். கொஞ்சம் சும்மா இருக்கற இடம் வேணும். சும்மா இருந்தாத்தானே அப்புறம் அடிக்கறப்ப வலிக்கும்?"

"எனக்குச் சம்மதம் மச்சி. பதினஞ்சு வருஷமா ரெண்டு காலாலயும் உதைச்சு முட்டி ரெண்டும் போச்சு. மெதுவாப் போற பாட்டா ஒரு பத்து போடு."

ஒரு பாட்டை முன்னோட்டமாக இணையத்தில் விட்டோம். நடுவில் வெறும் பியானோ கொஞ்ச நேரம் வரும், அவ்வளவுதான். பிணக்கிடங்கு பூக்கடை ஆகிவிட்டது என்று ஒருவன் எழுதினான். அடுத்து கல்யாணத்துக்கு வாசிப்பார்கள் என்று இன்னொருவன். ஜோவென் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, நான்காம் நாள் வந்து பியானோவை இன்னும் கூட்டினான். இந்தக் குணத்துக்காகத்தான் எனக்கு அவனைப் பிடிக்கும்.

கார்பின் எல்லாவற்றுக்கும் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான், கடைசிப் பாட்டு வரும்வரை. கடைசியாக 'எலும்பு' பாட்டையே மறுபடி செய்ய வேண்டும் என்றான் ஜோவென். டிரம்ஸ் கிடையாது. பியானோ, பாஸ், கார்பினின் குரல்.

"சுத்தக் குரல்," என்றான்.

எங்கள் ஆட்கள் மனுஷர் பாடுவதுபோல் சாதாரணமாகப் பாடுவதை அப்படித்தான் சொல்வார்கள். அப்படியானால் மற்றதெல்லாம் அழுக்கு என்றுதானே அர்த்தம்? யாரும் கேட்டதில்லை.

"மாட்டேன்," என்றான் கார்பின்.

"ஏன்?"

"மாட்டேன்."

"பயமா இருக்கா? உன் குரல் கேவலமா இருந்தாலும் பரவால்ல, நான் சரி பண்ணிக்கறேன்."

கார்பின் தரையைப் பார்த்தான்.

"சரி, விடு. ரெட்லேண்ட்ஸ்ல ஒருத்தன் இருக்கான், சர்ச்சுல பாடறவன். தேன் மாதிரி குரல். அவனக் கூப்பிடறேன்."

"சர்ச்சுல பாடறவன் வந்து எலும்பு எலும்புன்னு பாடுவானா?" என்றான் வால்டோ. "பாதிரியார் அவன் எலும்ப எண்ணிடுவாரு."

கார்பின் நிமிர்ந்தான். "வேற யாரும் அதப் பாடக் கூடாது."

"அப்ப நீ பாடு!"

நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஜோவெனின் வயலினைப் பற்றியும் கவலை இல்லை, பூக்கடை என்கிறவனைப் பற்றியும் கவலை இல்லை. ஆனால் இந்த மனுஷன் ஒரு தடவை மிருகத்தை விட்டுவிட்டு மனுஷக் குரலில் வாயைத் திறந்தான் என்றால், அதற்குப் பின்னாலேயே மற்றதும் வந்துவிடக் கூடும் என்று ஒரு நப்பாசை. எதையாவது பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியிருந்தது எனக்கு.

"நீ பாடணும்னு எனக்கும் ஆசைடா," என்றேன்.

என்னையே பார்த்தான். "உனக்கா?"

"எனக்குத்தான்."

"ஒரே தடவைதான்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜோவென் வீட்டு கராஜில் ஒலிப்பதிவு. பாலைவனத்துக் காற்று காலையிலிருந்தே பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கதவின் அடியில் துண்டுகளைத் திணித்தோம், ஜன்னலில் பழைய மெத்தையைச் சாய்த்தோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், நாயைக் கொஞ்சம் உள்ளே கட்டச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வந்தான் வால்டோ. இரும்பை அரைப்பதுபோல் இத்தனை வருஷம் வாசித்தபோது காற்றோ நாயோ எங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. மெதுவாக வாசிப்பதில் எவ்வளவு தொந்தரவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பளி தொங்கும் மூலையில் மைக்குக்கு முன்னால் கார்பின் நின்றான். உறுமும்போது இடுப்பை வளைத்து, மைக்கைக் கையால் பொத்தி, யாரையோ கடிக்கப் போகிறவன்போல் நிற்பான். இன்றைக்குக் கையை என்ன செய்வது என்றே அவனுக்குத் தெரியவில்லை. கால்சட்டைப் பையில் விட்டான், எடுத்தான், பின்னால் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்க நிற்கிறவன் மாதிரி இருந்தான்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாஸோடு சுவரோரம் உட்கார்ந்தேன். ஜோவென் பியானோவை ஆரம்பித்தான். நான் சேர்ந்துகொண்டேன். கார்பின் பாடினான்.

மெல்லிய குரல். மீசை முளைக்காத பையன் குரல். அந்த உடம்புக்குள் அது எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. வால்டோ உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். நானும் முதலில் சிரித்திருப்பேன், ஆனால் சிரிப்பு வரும் முன்னே அந்த இடம் வந்துவிட்டது. பியானோ நின்றது, நான் நிறுத்தினேன், நிசப்தத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

ஜோவென் கையை உயர்த்தினான். "மச்சி, அருமையா இருக்கு. நெஜமா. ஒரே ஒரு சின்ன விஷயம். 'எலும்பு'. ல போட்டுச் சொல்லு. உனக்கு நாக்கு சுருண்டு ழ விழுது. உறுமுறப்ப தெரியல, இப்ப நல்லாக் கேக்குது."

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி அந்த இடம்.

"எழும்பு."

"டேய், லடா! லட்டுக்கு வர்ற ல!"

"இல்ல," என்றான் கார்பின். "அது ழ தான்."

"என்னது?"

"எப்பவுமே ழ தான். எழும்பு, வெயில் வந்துருச்சு, எழும்பு. அதான் வரி."

காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தது.

"அப்ப... டி-ஷர்ட்டு?" என்றான் வால்டோ. பாவம், அவனுக்கு வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

எழும்பு, வெயில் வந்துருச்சு. யாரிடம் சொல்கிற வார்த்தை இது என்று எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷமாக, கண்ட கண்ட ஊரில், பீர் சிந்திப் பிசுபிசுத்த மேடைகளில், இவன் என் அண்ணனை எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். நான் பக்கத்திலேயே நின்று, தலையை ஆட்டி, அண்ணனின் பாஸை வாசித்துக்கொண்டே, எலும்பு எலும்பு என்று கூடச் சேர்ந்து கத்தியிருக்கிறேன். படம் வேறு வரைந்து விற்றிருக்கிறேன்.

ஹெட்போனைக் கழற்றினேன். "நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வாங்க."

"இப்பத்தானே பர்ரிட்டோ சாப்பிட்டோம்?" என்றான் ஜோவென்.

வால்டோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எனக்குப் பசிக்குது. வாடா."

அவர்கள் போன பிறகு கார்பின் மைக்குக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான், நகரக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதுபோல.

"ஏன்டா சொல்லல?"

"ஜோவென் தலைப்புப் போட்டான். சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ அந்தப் படத்த வரைஞ்சு எடுத்துட்டு வந்த. காட்டறப்ப சிரிச்ச. மூந்தோ போனதுலருந்து நீ சிரிச்சு நான் பாக்கவே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது, அது ழன்னு?"

இதுவே அவன் என்னிடம் பேசியதில் மிக நீளமான பேச்சு. நான் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருந்தது.

"அன்னிக்கு, சாப்பாடு ஆறுது, போய் அவனக் கூட்டிட்டு வான்னு இவனுங்க அனுப்பினானுங்க. போனேன். வேன் கதவத் தொறந்ததும் வெயில் நேரா அவன் மூஞ்சில விழுந்துச்சு. கால்ல புடிச்சு ஆட்டினேன். வெயில் வந்துருச்சு, எழும்புடான்னேன்."

"எழும்பல," என்றேன். இத்தனை வருஷமாக நான் மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி அதுதான்.

"இல்ல, லெட்டி. பேசினான்."

"பேசினானா?" என்றேன்.

"கண்ணத் தொறக்கல. பேசினான். அஞ்சு நிமிஷம்னான். சரின்னு நானே கதவச் சாத்தினேன், வெயில் படாம. போய், தூங்கறான்னு மட்டும் இவனுங்ககிட்டச் சொல்லிட்டு, உக்காந்து முட்டை தின்னேன். அஞ்சு நிமிஷம் எங்க, அரை மணி நேரம். திரும்பி வந்து ஆட்டினா..." கார்பின் மெத்தை சாய்ந்திருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "இழுத்து உக்கார வச்சிருந்தேன்னா? அப்பவே புடிச்சு இழுத்திருந்தேன்னா? நான் போய் முட்டை தின்னேன்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வர வேண்டிய இடம்தான். ஆனால் எத்தனை காலைகள் அம்மா என்னை அனுப்பி மூந்தோவை எழுப்பச் சொல்லி, நானும் பாவம் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"நானும் விட்டுட்டுத்தான்டா வந்திருப்பேன்," என்றேன். "அவன யாரு எழுப்ப முடியும்?"

கார்பின் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவனை ஆறுதல்படுத்தியிருக்க வேண்டும். நல்ல பெண்ணாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். எனக்குள் கிளம்பியது ஆறுதல் இல்லை, பேராசை. மூந்தோ பேசியிருக்கிறான். எனக்குத் தெரியாமல் கார்பினிடம் அவனுடைய ஒரு வார்த்தை மிச்சம் இருந்திருக்கிறது.

"எப்படிச் சொன்னான்?"

"என்ன எப்படி?"

"அவன் மாதிரியே சொல்லு. எப்படிச் சொன்னானோ அப்படியே சொல்லு."

"லெட்டி, வேணாம்."

"சொல்லுடா."

பன்றி, நாய், அடைத்துக்கொண்ட சாக்கடை, எதை வேண்டுமானாலும் தொண்டையில் வரவழைக்கிறவன். கண்ணை மூடினான். கையை மடக்கி அதில் கன்னத்தை அழுத்திக்கொண்டான், தலையணையில் படுத்த மாதிரி.

"அஞ்சு நிஷம்டா... அஞ்சே அஞ்சு நிஷம்."

மூந்தோ. தூக்கத்தில் அவன் 'மி'யை விழுங்கிவிடுவான். நிமிஷம் என்று வராது, நிஷம் என்றுதான் வரும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று அம்மா கத்த, போர்வைக்குள்ளிருந்து, உதடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கெஞ்சி, கொஞ்சம் ஏய்த்து. இதைக் கார்பின் இட்டுக்கட்டியிருக்க முடியாது. நான்கூட அதை மறந்திருந்தேன். அந்த கராஜில், மெத்தைக்கும் கம்பளிக்கும் நடுவில், என் அண்ணன் புரண்டு படுத்தான்.

"இன்னொரு தரம்," என்றேன்.

சொன்னான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னொரு தரம்டா."

சொன்னான். கொஞ்சம் வேகமாக வந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன், குரல் கனத்திருந்தது. நான் கவலைப்படவில்லை.

"இன்னொரு தரம்."

"அஞ்சு நிமிஷம்டா," என்றான் கார்பின். "அஞ்சே அஞ்சு நிமிஷம்."

எல்லா எழுத்தும் இருந்தது. ஒன்றுகூட விழுங்காமல், சுத்தமாகச் சொன்னான்.

வேறு மாதிரி சொல்லிப் பார்த்தான். கன்னத்தை இன்னும் அழுத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கார்பினின் குரலேதான் வந்தது, மூந்தோ வரவில்லை. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

"போதும்டா," என்றேன்.